ஒளி அரித்த தகடு



சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜப்பானியரின் ‘யமாட்டோ’ என்னும் போர்க்கப்பல் அது. உண்மைக் கப்பலின் நீளம் 263 மீட்டர். பேரனுடைய கப்பலின் நீளமோ 37 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வோர் அளவையும் 700-ஆல் வகுத்துச் செய்த பிளாஸ்டிக் மாதிரி உரு என்று அறிக. அதன் பின்தளத்தில், கடல் விமானங்களைத் தூக்கி ஏற்றுவதற்கான பாரந்தூக்கி ஒன்று உண்டு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் பின்னிய, நாற்புறமும் ஊடே வானம் தெரியக்கூடிய, நீண்ட கூடு அது. பிளாஸ்டிக்கில் வார்த்தவர்கள் வேறு வழியின்றி அதனைத் தடித்த கட்டையாகவே வார்த்திருந்தார்கள். ஆதலின் என் பேரன் அந்தக் கட்டையை ஒதுக்கிவிட்டு, அதற்கென்றே தனியாக விற்கப்படும் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வாங்கி வைத்திருந்தான். தீக்குச்சியைவிடச் சிறிய அந்தப் பாரந்தூக்கி அத்தகட்டிலே தட்டையாக, விரித்த நிலையில், கம்பி கம்பியாக வெட்டப்பட்டிருந்தது. அதை மூன்று இடங்களில் மடித்தால் நான்கு பக்கங்களும் கூடிக் கூடாகிவிடும்.

“தாத்தா, நீங்கள் மடித்துக் கொடுங்கள்” என்றான்.

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் அட்டை வேலை பயின்றவன். அதைப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். தடித்த அட்டையை மடிக்க வேண்டுமானால், கத்தியால் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீறி, கீறல் வெளிப்புறம் இருக்குமாறு மடிக்க வேண்டும். இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ! பித்தளைத் தகட்டிலும் மடிக்கவேண்டிய இடங்களில் பாதி ஆழமுள்ள பள்ளக் கோடுகள் இருந்தன. ‘தெரிந்த வேலைதான்’ என்று எண்ணி, பள்ளம் வெளிப்புறம் வருமாறு மடித்தேன். பக்கங்கள் கூடவில்லை, மூலையில் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பேரன் குறிப்புத்தாளைப் பார்த்து, “பள்ளம் உட்புறம் இருக்கவேண்டும், தாத்தா” என்றான். நிமிர்த்தினேன், எதிர்ப்புறமாக மடித்தேன். ஓசையின்றிக் கோட்டோடு முறிந்து, இரண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

நாற்பதாண்டுப் பழக்கம் என்னை ஏமாற்றியது என்பதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆயினும் அன்று இரவு என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. மயிரிழை போன்ற அந்தக் கம்பிகளை வெட்டியவர் யார்? எந்த உளியால்? தாளைப் போன்ற ஒரு தகட்டில், சரியாகப் பாதி ஆழத்தில் ஒரு பள்ளத்தை நிறுத்திய கை எது? தேடிப் படித்தபோது, ஐந்து நூற்றாண்டுச் சரித்திரம் ஒன்று அந்தத் துண்டுக்குப் பின்னால் நிற்பதை அறிந்தேன். அதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இந்தச் சரித்திரம் கொல்லர் பட்டறையில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் பிரபுக்கள் தலை முதல் கால் வரை எஃகுக் கவசம் பூண்டார்கள். கவசத்தில் பூவேலையும் உருவங்களும் வேண்டும் என்பது அவர்தம் ஆசை. ஆனால் பதமேற்றிய எஃகில் உளி எளிதில் ஓடுமா? கொல்லர் ஓர் உபாயம் கண்டனர். எஃகின்மேல் மெழுகைப் பூசி, அம்மெழுகிலே ஊசியால் சித்திரம் வரைந்து, அதன்மேல் அரிக்கும் நீர்மத்தை ஊற்றினர். மெழுகு உள்ள இடம் தப்பியது. ஊசி பட்ட இடம் அரிக்கப்பட்டது. எஃகு எவ்வளவு கடினமானாலும் அமிலத்துக்கு அது ஒரு பொருட்டன்று. கை செய்யவேண்டிய வேலை மென்மையான மெழுகிலேயே முடிந்துவிடுகிறது.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் டேனியல் ஹாப்பர் என்னும் கவச அலங்காரக் கலைஞர் இருந்தார். 1470-ஆம் ஆண்டளவில் பிறந்து 1536-இல் மறைந்தவர். அரித்த பள்ளத்தில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் சித்திரம் தாளில் பதியும் என்று கண்டு, அதைத் தொழிலாகவே நடத்தியவர்களில் அவரை முதல்வராகக் கூறுவர். புகழ்பெற்ற ஓவியர் டியூரரும் 1515 முதல் 1518 வரை இரும்புத் தகடுகளில் இவ்வாறு சில சித்திரங்கள் செய்து பார்த்துவிட்டு, பிறகு கைவிட்டார். பின்வந்தோர் இரும்பை விட்டுச் செம்புக்கு மாறினர். ரெம்பிராண்ட் என்னும் டச்சு ஓவியரின் கையில் செம்பும் அமிலமும் எவ்வளவு உயர்ந்த கலையாயின என்பது தனியே பேசவேண்டிய பொருள். அதை இங்கே விடுகிறேன். நமக்கு வேண்டுவது இது: முந்நூறு ஆண்டுகள் வரை, மெழுகிலே கோட்டை எழுதியது மனிதனின் கையே. கை நடுங்கினால் கோடும் நடுங்கும்.

கையை விலக்கி, அந்த இடத்தில் சூரியனை அமர்த்தியவர் பிரான்சு நாட்டு நிசிபோர் நியெப்ஸ் என்பவர். 1765-இல் பிறந்தவர். கற்பாள அச்சில் ஈடுபாடு கொண்ட அவருக்குச் சித்திரம் வரையும் திறமை போதாது என்று சொல்வதுண்டு. அது உண்மையாயின், உலகுக்கு இத்துணை நன்மை பயத்த திறமைக்குறைவு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே! ‘யூதேய நாட்டு நிலக்கீல்’ என்னும் கரிய பொருளுக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. லவண்டர் எண்ணெயில் அது கரையும். ஆனால் வெயில் பட்டு இறுகிவிட்டால் எளிதில் கரையாது. நியெப்ஸ் இந்த நிலக்கீலை வெள்ளீயக் கலவைத் தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசினார். அச்சிட்ட சித்திரத் தாள் ஒன்றை எண்ணெயிட்டு ஒளி ஊடுருவுமாறு செய்து, அதைத் தகட்டின்மேல் விரித்து, வெயிலில் பல மணி நேரம் வைத்தார். தாளில் வெண்மையான இடங்களின் கீழ் நிலக்கீல் இறுகியது. கறுப்புக் கோடுகளின் நிழலில் இருந்த நிலக்கீல் இறுகாமல், எண்ணெயில் கழுவியதும் போய்விட்டது. பிறகு அமிலம். கோடுகள் இருந்த இடமெல்லாம் தகடு அரிக்கப்பட்டது. 1826-இல் கார்டினல் அம்புவாஸ் என்பாரின் உருவப்படத்தை அவர் இவ்வாறே தகட்டில் ஏற்றினார். பாரிஸ் நகரத்துச் செதுக்குக் கலைஞர் லெமேத்ர் அதிலிருந்து தாளில் அச்செடுத்தார்.

இந்தச் செயலைச் சற்றே நின்று நோக்குங்கள். நியெப்ஸ் என்றவுடன், தம் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்த கூரைகளைத் தகட்டில் பதித்த முதல் புகைப்படக்காரர் என்றே பாடப் புத்தகங்கள் கூறும். அதுவும் உண்மையே. ஆனால் அவர் விரும்பியது பார்த்து மகிழ்வதற்கான படம் மட்டுமன்று. அரித்து, மை நிரப்பி, ஆயிரம் படிகள் எடுக்கத்தக்க தகட்டையும் வேண்டினார். 1829-இல் டாகேர் என்பவருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார், 1833-இல் காலமானார். 1839-இல் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, பிரெஞ்சு அரசாங்கம் டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியம் வழங்கிற்று. புகழ் இந்த விகிதத்தில்கூடப் பங்கிடப்படவில்லை. அந்த முறைக்கு டாகேரின் பெயர் மட்டுமே நின்றது.

நிலக்கீலுக்குப் பல மணி வெயில் வேண்டியிருந்ததால் தொழிலுக்கு அது ஒத்துவரவில்லை. அதே 1839-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மங்கோ பான்டன், பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாள் ஒளியால் மாறுகிறது என்று கண்டார். இங்கிலாந்தின் பாக்ஸ் டால்பட் அந்த உப்பை ஜெலட்டினுடன் கலந்து தகட்டின்மேல் பூசினார். ஒளி பட்ட ஜெலட்டின் நீரில் கரையாமல் இறுகியது. 1852-இல் அதற்கு உரிமை பெற்றார். 1858-இல் பெற்ற இரண்டாம் உரிமையில், அரிப்பதற்குப் பெர்ரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் கரைசலைக் கையாண்டார். பழுப்பு நிறமான இந்தக் கரைசல், நைட்ரிக் அமிலத்தைப்போல நச்சுப்புகை கிளப்பாமல், செம்பையும் பித்தளையையும் அமைதியாகத் தின்னும். இன்றளவும் அது கைவிடப்படவில்லை. ஆடையில் பட்டால் கறை போகாது என்பதை இரசாயனக் கூடத்தில் வேலை செய்த மாணவர்கள் அறிவார்கள். அவர்களுடைய தாய்மார் இன்னும் நன்றாக அறிவார்கள்.

இதன்பின் அச்சுத்தொழில் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. பழைய பத்திரிகைகளில் படம் அச்சிடுவதற்கு ‘பிளாக்’ என்று ஒன்று செய்வார்களே, அது ஒளியால் எழுதி அமிலத்தால் அரித்த துத்தநாகம் அல்லது செம்புத் தகடுதான். நம் நாட்டில் கல்கத்தாவிலே உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி என்பார், தாம் எழுதிய நூலின் படங்கள் மரச்செதுக்கு அச்சில் சிதைந்து வந்ததைக் கண்டு மனம் நொந்து, இந்தத் தொழிலைத் தாமே கற்று, 1895-இல் சொந்த நிலையம் தொடங்கினார். படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறைபற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை இங்கிலாந்தின் அச்சுக்கலை ஆண்டு மலர் வெளியிட்டது. திரைப்பட மேதை சத்யஜித் ராய் அவருடைய பேரர்.

பிளாக் செய்தவர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. அமிலம் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை; பள்ளம் ஆழமாக ஆகப் பக்கவாட்டிலும் அரித்து, மெல்லிய கோட்டின் அடியைக் குடைந்துவிடும். பிறகு கோடு அந்தரத்தில் நின்று ஒடிந்துபோகும். இதைத் தடுக்க, ‘டிராகன் இரத்தம்’ என்று பெயர் பெற்ற செந்நிற மரப்பிசின் தூளைக் கோட்டின் சுவரோரம் நான்கு திசையிலிருந்தும் தூரிகையால் ஒதுக்கி, சூடேற்றி ஒட்டவைத்து, மறுபடி அரித்தார்கள். சிறிது அரிப்பதும் தூளிடுவதும் மறுபடி அரிப்பதுமாக ஒரு பிளாக் முடியும். அமிலத்தின் இந்தப் பக்கவாட்டுப் பசி இன்னும் தீரவில்லை. ஆகையால்தான் ஒளி அரிப்பில் ஒரு துளையின் அகலத்தைத் தகட்டின் கனத்தைவிடக் குறைவாக வைப்பது அரிது. மெல்லிய வேலை வேண்டுமானால், மெல்லிய தகடே வேண்டும்.

வானொலியில் பேசுகிற நான் அடுத்த பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. வியன்னாவில் 1907-இல் பிறந்த பால் ஐஸ்லர், 1936-இல் இங்கிலாந்து சென்று குடியேறிய பொறியியலாளர். வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைப்பதற்குப் பதிலாக, மின்கடத்தாப் பலகையின்மேல் ஒட்டிய செம்புத் தகட்டில் கம்பிகளின் வழியை ஒளியால் எழுதி, வேண்டாத செம்பை அரித்து நீக்கிவிடலாம் என்றார். 1943-இல் அதற்கு உரிமை கோரினார். இந்தப் பேச்சை உங்களிடம் சேர்க்கிற கருவிக்குள்ளும் அப்படிப்பட்ட பலகை ஒன்று இருக்கும். அதன் பின்னர், மேற்பரப்பைக் கீறுவதோடு நில்லாமல், தகட்டையே ஊடுருவி அரித்து உறுப்புகள் செய்யும் தொழில் பெருகிற்று. பழைய வண்ணத் தொலைக்காட்சிக் குழாயினுள் இலட்சக்கணக்கான துளைகளோடு ஒரு தகடு இருந்ததே, அது இவ்வாறு செய்யப்பட்டதுதான்.

இனி மாதிரி உருக்களுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1936-இல் ‘பிராக் பெங்குவின்’ என்ற பெயரில் 72-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் விமானங்கள் வெளிவந்தன. ‘ஏர்பிக்ஸ்’ 1949-இல் ஓர் உழவு இயந்திரத்தையும், 1952-இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்னும் கப்பலையும் வெளியிட்டது. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து நான்கு நிறுவனங்கள் 1971-இல் கூடி, போர்க்கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, 700-இல் ஒரு பங்கு அளவில் வெளியிடத் தொடங்கின. அவை அழகானவை, ஆனால் ஓர் எளிய கணக்கு அவற்றுக்குக் குறுக்கே நின்றது. உருகிய பிளாஸ்டிக் அச்சின் மூலை முடுக்குகளுக்கு ஓடவேண்டுமானால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். அரை மில்லிமீட்டரை 700-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 350 மில்லிமீட்டர்! கப்பல் தளத்தின் ஓரத்தில் மாலுமி பிடித்துக்கொள்ளும் கம்பி, தூணைப்போல் தடித்துவிடும். ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பிவேலி, மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் மூன்று கம்பிகளும் இடையே வெளியும் வேண்டும். வார்ப்பால் இயலாத இந்த இடத்திலேதான், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள, ஒளியால் அரித்த பித்தளை உள்ளே நுழைந்தது.

இங்கிலாந்தின் ரயில் மாதிரிக்காரர்கள் இதைக் கப்பல்காரர்களுக்கு முன்பே கையாண்டார்கள். அவர்களில் பலர் பித்தளையைவிட நிக்கல் சில்வரை விரும்பினர். நம் வீடுகளில் ‘ஜெர்மன் சில்வர்’ என்று வழங்கிய பாத்திரங்களின் உலோகம் அது. பெயரில் உள்ள வெள்ளி பொருளில் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உண்டு. பிறகு இத்தகடுகளுக்கென்றே நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் பெயர் பெற்ற ‘எடுவார்ட்’ 1989-இல், அன்றைய செக்கோஸ்லொவாக்கியாவில் தொடங்கியது.

நான் முறித்த பள்ளக் கோட்டின் இரகசியத்தை இப்போது கூறலாம். தகட்டின் இரண்டு முகங்களிலும் ஒளியில் இறுகும் படலம் ஒட்டி, இரண்டு முகங்களுக்கும் இரண்டு படங்களை மயிரிழை பிசகாமல் நேர்நேராக வைத்து ஒளி பாய்ச்சுகிறார்கள். இருமுகத்திலும் திறந்துள்ள இடத்தில் கரைசல் இருபுறமிருந்தும் அரித்து நடுவில் சந்திக்கிறது. அங்கே துளை விழுகிறது. ஒருமுகம் மட்டும் திறந்துள்ள இடத்தில், மற்ற இடங்களில் துளை விழும் அதே நேரத்தில், அரிப்பு பாதித் தூரமே சென்றிருக்கும். அந்தக் கணத்தில் தகட்டை வெளியே எடுத்துக் கழுவிவிடுகிறார்கள். ஆக, அந்தப் பாதி ஆழத்தை எந்தக் கையும் அளக்கவில்லை, காலமே அளந்தது. ஒளி தட்டையான பரப்பில்தான் எழுதும் ஆதலால், கூட்டை விரித்துத் தட்டையாக்கி வரையவேண்டியது வரைபவர் கடமை. அதைத் திரும்பக் கூடாக்குவது நம் கடமை. பள்ளக் கோடு என்பது வரைந்தவர் நமக்கு எழுதிய குறிப்பு. அதைத்தான் நான் தவறாகப் படித்தேன்.

அட்டையில் கீறல் வெளியே இருந்தால் மேல்தாள் விரிந்து கொடுக்கும். மூலையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுவோம். தகட்டிலோ பள்ளம் உட்புறம் இருந்தால், மிஞ்சியிருக்கும் மெல்லிய தோல் வெளிமூலையாகிக் கூர்மையாக நிற்கும். பள்ளத்தின் இரு சுவர்களும் நெருங்கி, செங்கோணம் வந்ததும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டு, மடிப்பைத் தாமே நிறுத்தும். முழுவதும் திருப்பி இரட்டைத் தகடாக்கும் மடிப்புக்கு மட்டும் பள்ளத்தை வெளிப்புறம் வைப்பது வழக்கம். மேலும், பித்தளையை மடிக்குந்தோறும் அதன் உள்ளமைப்பு சிக்கி இறுகிக் கடினமாகிறது. முதல் மடிப்பை அது பொறுக்கும். நிமிர்த்தினால் இறுகும். மறுபடி மடித்தால் உடையும். தகடு பாதிக் கனமே உள்ள இடத்தில் இது இன்னும் விரைவில் நேரும். வளைந்த உறுப்புகளுக்கு, தகட்டை முதலில் தழலில் காட்டி, மங்கிய செந்நிறம் தெரியத் தொடங்கியதும் எடுத்து ஆறவிட்டால், இறுக்கம் நீங்கிக் குழைவு பெறும். பாத்திரக்காரர்கள் தட்டும் இடையிடையே காய்ச்சுவது இதன் பொருட்டே. பள்ளக் கோடுள்ள நேர் மடிப்புக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. குழைந்த தகடு கோட்டில் மடியாமல் வேறிடத்தில் வளைந்துவிடுவதும் உண்டு.

பத்து நாள் கழித்து இன்னொரு தகடு வந்தது. இம்முறை அவசரப்படவில்லை. உறுப்பைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு பாலங்களைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வெட்டினோம். மெத்தென்ற பரப்பில் வெட்டினால் தகடு கத்தியோடு வளைந்துவிடும். இரு எஃகுப் பட்டைகளைத் திருகால் இறுக்கும் ஒரு சிறு கருவியைப் பேரன் வாங்கியிருந்தான். பள்ளக் கோடு பட்டையின் விளிம்போடு பொருந்துமாறு தகட்டை இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தின் அடியில் சவர பிளேடை முழு நீளத்துக்கும் செருகி, ஒரே மூச்சில் உயர்த்தினோம். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கூடு முறுக்கிக்கொள்ளும். ஓரத்து மடிப்புகள் இரண்டும் முதலில்; நடு மடிப்பு கடைசியில். நடுவை முதலில் மடித்துவிட்டால் பிறகு கருவியில் பிடிப்பதற்குத் தட்டையான இடம் இராது. மூன்றாம் மடிப்பில் நான்கு பக்கங்களும் கூடின. பிளாஸ்டிக்குக்கு உரிய பசை உலோகத்தில் பிடிக்காது. ஆகவே, 1942-இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்கரின் ஆராய்ச்சியில் வெளிப்பட்டு 1958-இல் கடைக்கு வந்த சயனோ அக்ரிலேட் பசையை ஊசிமுனையால் தொட்டு வைத்தோம்.

உண்மையான யமாட்டோ 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், அமெரிக்க விமானங்களின் தாக்குதலில், ஏறத்தாழ 3,000 பேரோடு மூழ்கியது. பீரங்கிகளின் குழல் விட்டம் 46 சென்டிமீட்டர் என்று உடனே சொன்ன பேரன், இந்த எண்ணை என்னிடம்தான் முதலில் கேட்டான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாமணத்தை எடுத்து, அடுத்த துண்டாகிய கம்பிவேலியைத் தகட்டிலிருந்து வெட்டத் தொடங்கினான்.